தஞ்சாவூர் பொம்மை போல எழும் டம்மி: டார்ட்மத்தில் பிறந்த எம்விபி ரோபோ எதற்கு உதவும், எதற்கு உதவாது

தட்டினால் சாய்ந்து தானாக நிமிரும் தஞ்சாவூர் பொம்மையை ஆளுயரத்துக்கு வளர்த்து, அடியில் மோட்டாரும் சக்கரங்களும் வைத்து, மேலே தடித்த ஃபோம் சுற்றினால் கிடைப்பதுதான் எம்விபி. முழுப் பெயர் மொபைல் வர்ச்சுவல் பிளேயர். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் டிஃபென்ஸ் (தடுக்கும் அணி) வீரர்களுக்கு டேக்கிள், அதாவது பந்தைக் கையில் ஏந்தி ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவது, கற்றுத்தருவதற்காகச் செய்த, ரிமோட்டில் ஓடும் டம்மி இது. டிஃபென்ஸ் கோச்சுகள் இதைப் பற்றிக் கேட்பது ஒரே கேள்விதான்: வாங்கலாமா? பந்தோடு ஓடுபவரை எந்தக் கோணத்தில் நெருங்குவது என்று சொல்லித்தர இதற்கு இணையான கருவி இல்லை. ஆனால் தோள் பட்ட பிறகு செய்ய வேண்டியதைச் சொல்லித்தர இது போதாது. இரண்டும் சேர்ந்ததுதான் டேக்கிள் என்பதால், இதை மட்டும் வாங்கி வைத்து வேலை முடிந்தது என்று நினைக்கும் கோச் சீசன் நடுவில், அக்டோபர் மாதத்தில் திணறுவார்.

இது ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் பார்த்துவிடலாம். நியூ ஹாம்ப்ஷர் மாநிலத்தில் இருக்கும் டார்ட்மத் கல்லூரியின் தலைமைக் கோச்சாக இருந்த படி (Buddy) டீவன்ஸ், 2010-ல் பயிற்சியில் வீரர்கள் ஒருவரை ஒருவர் டேக்கிள் செய்வதையே நிறுத்தினார். தலைக்காயங்களுக்குப் பயந்து எடுத்த முடிவு. டேக்கிளே செய்யாமல் டேக்கிள் எப்படிப் பழகுவது என்று பலரும் அவரைக் கேட்டார்கள். நிற்கும் டம்மிகளிலும் மெத்தைகளிலும் பழக வைத்தார். ஆனால் நிற்கும் டம்மியிடம் போய் முட்டுவதற்கும் ஓடுகிறவரை மறிப்பதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த இடைவெளியை அடைக்க அதே கல்லூரியின் தேயர் பொறியியல் பள்ளியில், ஃபுட்பால் ஆடிய முன்னாள் மாணவர் எலியட் காஸ்ட்னரும் ரக்பி ஆடிய குவின் கானலும் சேர்ந்து உருவாக்கியதே இந்தக் கருவி. 2015-ல் டார்ட்மத் மைதானத்தில் ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டே பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் என்ற தொழில்முறை அணியின் பயிற்சியில் அதைப் பார்க்க முடிந்தது. டீவன்ஸ் 2023-ல் காலமானார். இன்று டார்ட்மத் ஸ்டேடியத்துக்கு அவர் பெயர் இருக்கிறது.

2016-ல் டார்ட்மத் ஆடும் ஐவி லீக் என்ற கல்லூரிக் குழுவின் கோச்சுகள் சீசன் நடக்கும்போது பயிற்சியில் முழு மோதலை விலக்குவதற்கு ஒருமனதாக ஒப்புக்கொண்டார்கள். 2021-ல் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ-வின் முதல் டிவிஷன் கவுன்சில் சீசனுக்கு முந்தைய பயிற்சிக்குக் கடிவாளம் போட்டது: முழு பேட் (உடல் கவசம்) அணிந்த பயிற்சிகள் அதிகபட்சம் 9, ஒரு பயிற்சியில் முழு மோதல் 75 நிமிடத்துக்கு மேல் கூடாது. ஒடுக்கமான இடத்தில் நேருக்கு நேர் மோதும் ஓக்லஹோமா ட்ரில், வட்டத்துக்குள் ஒருவரை நிறுத்திச் சுற்றி நின்று மோதும் ட்ரில் இரண்டும் தடை. ஆக, ஆளோடு ஆள் மோதிப் பழகும் நேரம் எல்லாருக்குமே சுருங்கிவிட்டது. அதே காலத்தில் தாக்கும் அணிகள் மைதானத்தை அகலமாக விரித்து, குட்டி பாஸ்களால் பந்தை ஓரத்துக்குத் தள்ளி, கடைசி வரிசையில் நிற்கும் ஒவ்வொரு சேஃப்டியையும், அவருக்கு முன்னால் நடுவரிசையில் நிற்கும் லைன்பேக்கரையும் வெட்டவெளியில் தனியாக டேக்கிள் செய்ய வைக்கின்றன. தேவை கூடிய நேரத்தில் பழகும் நேரம் குறைந்தது.

கருவியின் அளவு நடுத்தர ஆளின் உயரம். எடை 80 கிலோவை ஒட்டி வரும். வேகம் 40 யார்டுக்கு 5 விநாடி அளவு. எடை முழுக்க அடியில் இருப்பதால் விழுந்ததும் தானே நிமிர்கிறது, யாரும் தூக்கி நிறுத்த வேண்டியதில்லை. விலை ஆரம்ப ஆண்டுகளில் ஒன்றுக்கு 8,000 டாலர் அளவில் பேசப்பட்டது.

அந்த 5 விநாடிக் கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. கல்லூரி அணியில் பந்தோடு ஓடும் நல்ல ரன்னிங் பேக் 40 யார்டை 4.5 விநாடியில் முடிப்பார். சராசரி வேகத்தில் கணக்குப் போட்டால் கருவி விநாடிக்கு 8 யார்டு, ஆள் கிட்டத்தட்ட 9 யார்டு. 10 யார்டு ஓட்டத்தில் இந்த வித்தியாசம் ஏறத்தாழ ஒரு யார்டு. கருவியை வைத்தே கோணம் பழகிய சேஃப்டி சனிக்கிழமை ஆட்டத்தில் ஓடுபவரின் இடுப்புக்கு வராமல் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பதற்கு இதுவே காரணம். தீர்வு எளிது. கருவியை நின்ற இடத்திலிருந்து கிளப்பாமல், தொடக்கக் கோட்டுக்கு 5 யார்டு பின்னாலிருந்து உருட்டிவிடுங்கள். கோட்டைக் கடக்கும்போது முழு வேகத்தில் இருக்கும். டிஃபென்ஸ் வீரரை ஒரு யார்டு கூடுதலாகத் தள்ளி நிறுத்துங்கள். இந்த இரண்டு மாற்றமும் இல்லாமல் ஓட்டும் ட்ரில் தவறான கோணத்தைத்தான் பழக்கும்.

இனி இதன் பலம். கோணத்தைச் சொல்லித்தருவதில் பெரிய தடையே, ஓடுபவராக நடிக்கும் சக வீரர் முழு வேகத்தில் வரமாட்டார் என்பதுதான். நண்பன் மோதப்போகிறான் என்று தெரிந்தால் கடைசி நான்கு யார்டில் அவரை அறியாமல் வேகம் தணியும். மோதுகிறவரும் தணிப்பார். இருவரும் தணித்துப் பழகியது ஆட்டத்தில் உதவாது. கருவிக்கு அந்தத் தயக்கம் கிடையாது. அயோவா ஸ்டேட்டில் ஜான் ஹீகாக் பிரபலமாக்கிய மூன்று சேஃப்டி அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நடு சேஃப்டி பத்து யார்டுக்கு மேல் ஆழத்திலிருந்து கீழே இறங்கி வந்து ஓட்டத்தை மறிக்க வேண்டும். அவ்வளவு தூரத்தை முழு வேகத்தில் கடந்து, சரியான தோளோடு வந்து சேர்வதை ஆளை வைத்து வாரத்துக்கு இருபது முறை பழக வழியே இல்லை. கருவியை வைத்துப் பழகலாம்.

மைதானத்தில் இப்படி அமைத்தால் பலன் தரும். 10 யார்டு அகலம், 15 யார்டு நீளத்தில் நான்கு கோன் வைத்து ஒரு சந்து. கருவி ஒரு மூலையிலிருந்து ஓரக்கோட்டைப் பார்த்துச் சாய்வாக ஓடும். வீரர் எதிர்ப்பக்கம், உள்ளே, அதாவது மைதானத்தின் நடுப்பக்கமாக நின்று தொடங்குவார். முழு வேகத்தில் தூரத்தைக் குறைக்க வேண்டும், ஆனால் கருவிக்கு நேர் எதிரே வந்துவிடக் கூடாது. அரை உடம்பு அளவு உள்பக்கம் பின்தங்கியே வர வேண்டும். அப்போதுதான் ஓடுபவருக்கு உள்ளே வெட்டித் திரும்ப வழி இருக்காது, ஓரக்கோடு இரண்டாவது டிஃபெண்டராக நிற்கும். மூன்று யார்டு இருக்கும்போது காலடியைச் சுருக்க வேண்டும். சுருக்குவது வேறு, நிறுத்துவது வேறு. பழைய முறையில் இந்த இடத்தில் கால்களை அகட்டி நின்று பதுங்கச் சொல்வார்கள். நின்றவரைக் கடந்துபோக நல்ல ஓட்டக்காரருக்கு ஒரு எட்டு போதும். அடுத்து, மோதும் தோள் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக் காலை கருவியின் அருகில் ஊன்ற வேண்டும். தன் வலப்பக்கம் ஓடுகிறவரை மறித்தால் வலது கால், வலது தோள், தலை அவருக்குப் பின்னால். கன்னம் ஒட்டியிருக்க வேண்டும், கண் மேலே பார்க்க வேண்டும். தலையை முன்னால் குறுக்கே போடும் பழக்கம் இன்னும் பல பள்ளிகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கழுத்துக்கும் ஆபத்து, பிடியும் நிற்காது. தலையைத் தாழ்த்தி ஹெல்மெட் உச்சியால் மோதினால் டார்கெட்டிங். 2013 முதல் அதற்கு ஆட்டத்தைவிட்டே வெளியேற்றம்.

இந்த வரிசையில் கருவி முதல் பாதியைத் தங்கமாகக் கற்றுத்தரும். சிக்கல் தோள் பட்ட பிறகு வருகிறது. 2014-ல் சியாட்டில் சீஹாக்ஸ் என்ற தொழில்முறை அணி ரக்பியைப் பார்த்து வடிவமைத்து வெளியிட்ட முறையில், அதே ஆண்டு ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகம் கையிலெடுத்து தேசியப் பட்டமும் வென்ற முறையில், உயிர்நாடி தொடைதான். தோளைத் தொடையில் வைத்து, இரண்டு கைகளாலும் இரண்டு தொடைகளையும் சேர்த்து இறுக்கி, ஐந்து எட்டு வைத்துத் தள்ள வேண்டும். எம்விபிக்குத் தொடை இல்லை. ஒற்றைத் தூண்தான். தூணைக் கட்டிப்பிடித்தால் பொம்மை உடனே சாய்ந்துவிடும், எதிர்த்து உதைக்காது, காலைத் தூக்கிப் பிடியை உதறாது. வீரர் மனதில் தோள் பட்டால் விழும் என்று பதிகிறது. 100 கிலோ ரன்னிங் பேக் அப்படி விழமாட்டார். கருவியை மட்டும் நம்பிய அணியின் வீடியோவைப் பார்த்தால் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வரும்: சரியான கோணம், சரியான தோள், பிடி நழுவுகிறது, கூடுதலாக ஏழு யார்டு.

அடிப்பாகத்தைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. எடை அங்கேதான் இருக்கிறது. கணுக்கால் உயரத்தில் பாய்கிறவர் கருவியில் அசையாத இடத்தைத்தான் சந்திப்பார். தோள் போக வேண்டிய இடத்தை வீரருக்குக் காட்டிவிட வேண்டும். மலிவான வழி, இரண்டு அங்குல அகல வண்ண டேப். முழங்கால் உயரத்தில் சிவப்பு வளையம், அதற்குக் கீழே போகக் கூடாது. இடுப்பு உயரத்தில், அதாவது தரையிலிருந்து சுமார் மூன்று அடியில், இடமும் வலமும் செங்குத்தாக ஒரு மஞ்சள் பட்டை. டிஃபென்ஸ் வீரர் படிப்பது ஓடுபவரின் அருகிலுள்ள இடுப்பைத்தான். தோளும் தலையும் ஏமாற்றும், இடுப்பு ஏமாற்றாது. உருண்டையான தூணில் இடுப்பு எது என்று தெரியாததால் வீரர்கள் நடுவைப் பார்த்து ஓடுவார்கள், நேருக்கு நேர் போய் மோதுவார்கள். அந்த மஞ்சள் பட்டை ஒட்டியதும் கண் அதற்குப் போய்விடும், கோணமும் தானாகச் சீராகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டேப்பை மாற்றிவிடுங்கள், உரசலில் உரிந்துவிடும்.

கருவியின் தரம் பாதி ரிமோட் பிடித்தவர் கையில் இருக்கிறது. மாணவ உதவியாளர் யாராவது சும்மா இருந்தால் அவரிடம் கொடுத்துவிடுவது பரவலான வழக்கம், அது பெரிய தவறு. ஓட்டுபவர் கருவிக்குப் பின்னால், தாக்கும் அணியின் பக்கத்தில் நிற்க வேண்டும். அப்போது கருவியின் இடதும் அவருடைய இடதும் ஒன்றாக இருக்கும், தடுமாற்றம் வராது. ஆனால் வீரர்களுக்கு நேர் எதிரே நிற்பதால், ஒரு வாரத்திலேயே அவர்கள் கருவியை விட்டுவிட்டு அவருடைய கட்டைவிரலைப் பார்க்கத் தொடங்குவார்கள். விரல் இடது பக்கம் சாய்ந்ததும் கால் கிளம்பிவிடும். நிற்கும் டம்மி ஒன்றைத் தனக்கு முன்னால் வைத்து, ரிமோட்டை இடுப்புக்குக் கீழே மறைத்துப் பிடித்தால் இது ஒழியும்.

எந்தப் பக்கம் ஓட்டுவது என்பதை ஓட்டுபவரின் இஷ்டத்துக்கு விடாதீர்கள். வீரருக்குப் பின்னால் நிற்கும் கோச் விரலால் எண் காட்டட்டும்: ஒன்று என்றால் நேராக ஓரக்கோட்டுக்கு, இரண்டு என்றால் பாதியில் உள்ளே வெட்டு, மூன்று என்றால் ஒரு கணம் நின்று மறுபடி ஓட்டம். வெட்டித் திரும்புவது வீரர் மூன்று யார்டு தொலைவில் இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். மனிதர் திசை மாற்றும் முன் இடுப்பைத் தாழ்த்தி வெளிக்காலை ஊன்றுவார், அதைப் பார்த்து டிஃபென்ஸ் வீரர் தயாராவார். சக்கரம் எந்த முன்னறிவிப்பும் தராது. கடைசி ஒரு யார்டில் ரிமோட்டை ஒடித்து வீரரை ஏமாற்றினால், அடுத்த முறை அவர் மூன்று யார்டு முன்பே கால்களை நிறுத்திக் காத்திருப்பார். எதை மாற்ற இவ்வளவு செலவு செய்தோமோ அதையே திரும்பப் பழக்கியது போலாகும்.

பிடித்து வீழ்த்தியதும் விசில், கை எடுப்பது, உருண்டு விலகுவது என்ற ஒழுங்கு கட்டாயம். கை எடுத்த உடனே பொம்மை நிமிரும். முகத்தை மேலே வைத்துக்கொண்டு அங்கேயே கிடப்பவரின் தாடையில் மோதலாம். வீரர் இரண்டு எட்டு விலகிய பிறகுதான் ரிமோட்டைத் தொட வேண்டும். இரண்டு பேரை ஒரே நேரத்தில் கருவி மேல் விடவே கூடாது. ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் மோதுவதைத் தவிர்க்கத்தானே இது வந்தது?

டேக்கிளைத் தாண்டி, இதைப் பயன்படுத்த மிகச் சிறந்த இடம் ஒன்று உண்டு, பல அணிகள் அதைக் கவனிப்பதில்லை: பாஸ் எறியும் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாயும் பயிற்சி. பயிற்சியில் குவார்ட்டர்பேக் தனி நிறச் சட்டை போட்டிருப்பார், அவரைத் தொடக் கூடாது. அதனால் முன்வரிசை ஓரத்திலிருந்து பாயும் டிஃபென்சிவ் எண்ட் ஒவ்வொரு முறையும் அவரைக் கடந்து ஓடிப் போய்விடுவார். கடைசி இரண்டு எட்டில் எப்படித் திரும்பி, எப்படி முடிப்பது என்பது பழக்கத்தில் ஏறாது. கருவியை ஆட்டம் தொடங்கும் கோட்டுக்கு 7 யார்டு பின்னால் நிறுத்துங்கள். இரண்டரை விநாடியில் அது 2 யார்டு முன்னே நகரட்டும், பிறகு பக்கவாட்டில் சறுக்கட்டும். வெளியே இருந்து வளைந்து வருபவர் 7 யார்டு ஆழத்தில் வளைவைத் தட்டையாக்கி உள்ளே திரும்ப வேண்டும். ஆழமாகப் போய்விட்டவருக்குக் கருவி முன்னால் நழுவிப் போவது கண்ணெதிரே தெரியும், கோச் கத்த வேண்டிய அவசியமே இல்லை. பாஸ் எறிபவரின் முழங்காலிலோ அதற்குக் கீழேயோ மோதுவது தண்டனைக்குரியது என்பதால் அந்தச் சிவப்பு வளையம் இங்கேயும் உதவும். கை இல்லாத பொம்மை என்பதால் பந்தைத் தட்டிவிடும் பழக்கத்துக்கு மட்டும் வேறு வழி பார்க்க வேண்டும்.

பாஸ் பிடிக்க ஓடும் ரிசீவர்களைக் காவல் காக்கும் கார்னர்பேக்குகளுக்கு இது அவ்வளவாக உதவாது. ரிசீவரைப் போலச் சட்டென்று நின்று திரும்ப இதனால் முடியாது. அவர்கள் பாஸ் பிடித்தவரை ஓரத்தில் மறிப்பதற்கு மட்டும் பயன்படுத்தலாம்.

இன்னொரு குறை எண்ணிக்கை. ஒரு ஓட்டம், டேக்கிள், நிமிர்வு, திரும்பி வருவது எல்லாம் சேர்ந்தால் 25 விநாடி. 10 நிமிடத்தில் 24 முறை. 16 லைன்பேக்கர்களும் சேஃப்டிகளும் வரிசையில் நின்றால் ஆளுக்கு ஒன்றரை முறை. இதே 10 நிமிடத்தில் நான்கு ஃபோம் வளையங்களை நான்கு இடத்தில் உருட்டி, 15 விநாடிக்கு ஒன்று என்று போனால் 160 முறை, ஆளுக்குப் பத்து. வளையம் என்பது மூன்று முதல் நாலரை அடி விட்டமுள்ள டயர் போன்ற மெத்தை. கோச் பக்கவாட்டில் உருட்டிவிடுவார், வீரர் ஓடிவந்து தோள் கொடுத்து, கட்டிப்பிடித்து, உருட்டி வீழ்த்துவார். சில நூறு டாலரில் கிடைத்துவிடும். கை கோத்து இறுக்கவும் உருளவும் இதில் நன்றாகப் பழகலாம், கருவியில் இல்லாதது இதில் இருக்கிறது. கோணம் மாறாது என்பது வளையத்தின் குறை. அது போகும் பாதை உருட்டிய கணமே தெரிந்துவிடும். மெதுவாக உருட்டினால் வீரர்கள் முழங்காலை முன்பே தரையில் போட்டுப் பாய்வார்கள். ஓட்டவேகத்தில் உருட்ட வேண்டும்.

ஆகவே இரண்டையும் எப்போது எடுப்பது என்பதை ஞாயிற்றுக்கிழமை வீடியோ முடிவு செய்யட்டும். தவறிய ஒவ்வொரு டேக்கிளுக்கும் ஒரே ஒரு காரணம் எழுதுங்கள்: கோணம், உள்பக்கத்தை விட்டது, கால் நின்றது, தலை தாழ்ந்தது, பிடி நழுவியது, தள்ளாமல் விட்டது. முதல் மூன்றும் அதிகமென்றால் செவ்வாய்க்கிழமை கருவி. கடைசி இரண்டும் அதிகமென்றால் வளையம். அதோடு, ஒருவர் பேட் பிடித்து நிற்க, இன்னொருவர் நின்ற நிலையிலிருந்தே தொடையை இறுக்கி ஐந்து எட்டு தள்ளும் மெதுவான ட்ரில். தலை தாழ்ந்தால் இரண்டையும் ஓரம் வையுங்கள். முழங்காலில் நிற்க வைத்து அரை வேகத்தில் கண் மேலே இருக்கிறதா என்று பார்த்துத் திருத்திய பிறகுதான் ஓட விட வேண்டும். எந்தத் தோளில் தவறியது என்பதையும் பக்கத்தில் குறித்துவைத்தால், பலருக்கும் இடது தோள் பலவீனம் என்பது மூன்று ஆட்டத்துக்குள் தெரிந்துவிடும். அவர்களுக்குக் கோன்களை மறுபக்கம் திருப்பிப் போட்டு, இடப்பக்க ஓட்டத்தை இரண்டு மடங்கு ஓட்டுங்கள்.

பெரிய கல்லூரிகளுக்கு இந்தச் செலவு பொருட்டல்ல, இரண்டு வாங்கி லைன்பேக்கர்களுக்கு ஒன்று, சேஃப்டிகளுக்கு ஒன்று என்று பிரிக்கலாம். பணம் குறைந்த மூன்றாம் டிவிஷன் கல்லூரி என்றால் முதல் பணம் நாலு வளையத்துக்கு, அடுத்தது மைதானத்தின் முனையில், எண்ட் ஸோன் பக்கம், உயரத்திலிருந்து படம் பிடிக்கும் கேமராவுக்கு. கோணத் தவறு பக்கவாட்டுப் படத்தில் சரியாகத் தெரியாது. அதற்குப் பிறகும் பணம் இருந்தால் கருவி. அப்போதும் சீசன் தொடங்கும் முன் இரண்டு பேருக்கு ரிமோட் பழக்கி, பயிற்சித் தாளில் அந்த ட்ரில்லுக்கு எதிரே அவர்கள் பெயரையும் எழுதிவிடுங்கள். பேட்டரியை முந்தின இரவே சார்ஜில் போட்டு, அறைக்குள்ளேயே வைத்திருங்கள். நவம்பர் குளிரில் வெளியே கிடந்தால் சீக்கிரம் இறங்கி, பாதி ட்ரில்லில் கருவி நின்றுவிடும்.